வாட்ச்சை அணைத்தது நான்தான்

வேலு, இதைக் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு அப்புறம் வண்டிச் சாவியை எடு. பாதியில் எழுந்து போகிற பழக்கம் உனக்கு உண்டு. அதனால் நீ பயப்படுகிற விஷயத்துக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். உன் மகள் ஹரிணி இங்கேதான் இருக்கிறாள். காலையில் இரண்டு தோசை சாப்பிட்டாள். இப்போது எனக்கு எதிரில் காலை நீட்டி உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருக்கிறாள். அவள் கையில் நீ கட்டிவிட்ட வாட்ச் புதன்கிழமை சாயந்திரத்திலிருந்து செத்துக் கிடக்கிறது. அது ரிப்பேரும் இல்லை, மலையில் டவர் போய்விடவும் இல்லை. அதை அணைத்தது நான். பிள்ளைக்கு அதில் பங்கு கிடையாது. திட்டுவதானால் என்னைத் திட்டு.

நேற்று இங்கே சுகாதார நிலையத்து நர்சம்மாவின் போனுக்கு ஏழு தடவை கூப்பிட்டாயாம். "உங்க புள்ள இன்னா பெரியம்மா, என்கிட்ட இந்தக் கத்து கத்துறாரு. ஞாயித்துக்கிழமை இல்ல, சனிக்கிழமையே வந்து இட்டுனு போறேன், வர்ற வரைக்கும் அந்த வாட்ச்ச ஆன்ல வைக்கச் சொல்லுங்கன்னாரு" என்று அந்தம்மா வந்து சொன்னாள். வா. வராதே என்று நான் சொல்லவில்லை. ஆனால் நீ எப்படி வருகிறாய் என்பதில் இருக்கிறது எல்லாம். அதற்காகத்தான் ஐந்தாவதோடு நின்ற கையை வைத்துக்கொண்டு இவ்வளவு நீளம் எழுதுகிறேன். நர்சம்மா இதைப் பக்கம் பக்கமாய்ப் போட்டோ பிடித்து உனக்கு அனுப்புவாள். நீயும் சங்கீதாவும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். உன் பெண்டாட்டிக்கு மறைத்துவிட்டு நீ மட்டும் படிக்காதே.

போன சனிக்கிழமை காலாண்டு லீவுக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டபோது நீ எனக்கு ஒரு பாடம் எடுத்தாய், நினைவிருக்கிறதா? காலையில் ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை, துணை சுகாதார நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற பாறைமேல் அவளை ஏற்றி நிறுத்த வேண்டும், அங்கேதான் டவர் பிடிக்கும், வாட்ச் அவள் இருக்கும் இடத்தை உனக்குக் காட்டும், நீ அவளோடு பேசுவாய் என்றாய். நானும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி தலையை ஆட்டினேன். மூன்று நாள் தவறாமல் செய்தேன். அதில் எனக்குப் பெருமை வேறு. பக்கத்து வீட்டுக் குப்பம்மா, "இன்னாடி, உன் புள்ள பேத்திக்குக் கையில வெலங்கு மாட்டி அனுப்பிச்சிருக்கான்?" என்று கிண்டல் பண்ணினாள். நான் விட்டுவிடுவேனா? "போடி இவளே. உன் புள்ள பெங்களூர் போயி ரெண்டு வருசமாச்சி, பொண்ணு எந்தக் கிளாசு படிக்கிதுன்னு கேட்டா மோட்டுவளையப் பாப்பான். என் புள்ள ஓசூருல உக்காந்துக்கினே பேத்தி எந்தப் பாறைமேல நிக்கிதுன்னு சொல்றான், பாத்தியா" என்றேன். அவள் வாயை மூடிக்கொண்டாள். அன்று முழுக்க எனக்கு அது இனித்தது.

செவ்வாய்க்கிழமை நான் ஒரு காரியம் செய்தேன். அதை ஒத்துக்கொள்ளாமல் மேலே எழுதக் கூடாது. முந்தின நாள் படுக்கும்போது ஹரிணி, டியூஷனுக்குப் போகவே பிடிக்கவில்லை ஆயா என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். மறுநாள் பாறைமேல் நீ என்னோடு பேசியபோது, அதை அப்படியே உன் காதில் போட்டுவிட்டேன். நல்லதுதானே செய்கிறோம் என்று நினைத்தேன். நீ உடனே அவளைக் கூப்பிட்டு, எட்டாவது போகப்போகிற பிள்ளை பேசுகிற பேச்சா இது, உனக்காகத்தானே அப்பா நைட் ஷிப்ட் பார்க்கிறேன் என்று கால் மணி நேரம் பேசினாய். அவள் "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லிக்கொண்டே என்னைப் பார்த்தாள். கோபமாய்ப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். "நீயுமா?" என்பதுபோல் பார்த்தாள். அன்று ராத்திரி என் தட்டுக்குப் பக்கத்தில் அவள் உட்காரவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது, இந்தப் பிள்ளை மூன்று நாளாய் என்னோடு பேசியதெல்லாம் பாடப் புத்தகத்தைப் படிக்கிற மாதிரி இருந்தது என்று. "ஆமாம் ஆயா." "நல்லா இருக்கு ஆயா." "போதும் ஆயா." குளிக்கப் போகும்போது மட்டும் வேறு பிள்ளை. வாட்ச்சைக் கழற்றித் துணியில் சுற்றி அரிசிப் பானைமேல் வைத்துவிட்டு வருவாள். பின்பக்கம் தட்டிக்குள் நான் வெந்நீர் ஊற்ற ஊற்ற வாய் ஓயாது. பள்ளிக்கூடத்துக் கதை, வாத்தியார் நடக்கிற மாதிரி நடித்துக் காட்டுவது, சங்கீதா குழம்பு கருகினால் ஜன்னலைத் திறந்து வைத்து மறைக்கிற கதை. தலையைத் துவட்டி வாட்ச்சைக் கட்டினதும் வாய் ஒட்டிக்கொள்ளும். புதன்கிழமை வெந்நீர் ஊற்றும்போதே நான் கேட்டுவிட்டேன்.

"ஏண்டி, அந்தக் கெடியாரத்தக் கட்டுனா உன் நாக்கையும் சேத்துக் கட்டிக்கிறியா?"

"அதுல அப்பா கேப்பாரு ஆயா."

"போன் பண்ணாதானே கேப்பாரு?"

"இல்ல. அவரு போன் பண்ணா இங்க ரிங் அடிக்காது. நமக்குத் தெரியாது. நாம பேசறதெல்லாம் அங்க கேக்கும்."

"இங்கதான் டவரே இல்லையேடி. பாறைக்குப் போனாதானே?"

"தெரியும் ஆயா. ஆனாலும் அது கையில இருந்தா எனக்குப் பேச வரமாட்டேங்குது."

வேலு, டவர் எட்டாத இடத்திலும் உன் மகளுக்கு உன் காது எட்டுகிறது. இந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் வெந்நீர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டேன். மீதியையும் சொன்னாள். போன வருஷம் பள்ளிக்கூடத்தில் ஒரு தோழியிடம் "எங்கப்பாவ எனக்குப் பிடிக்கவே இல்ல" என்று ஏதோ கோபத்தில் சொன்னாளாம். அன்றைக்குச் சாப்பிடும்போது அதே வார்த்தையை நீ திருப்பிச் சொல்லி, "நான் உனக்கு இன்னா கொற வெச்சேன்?" என்று கேட்டாயாம். மறுநாள் அவள் அதைத் தோழியிடம் சொல்ல, அந்தப் பிள்ளை மற்றவர்களிடம் சொல்ல, அதிலிருந்து வகுப்பில் ஒருத்தியும் அவளோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. "அவகிட்டப் பேசாத, அவங்கப்பா கேட்டுக்கினு இருப்பாரு" என்று எழுந்து போய்விடுகிறார்களாம். எட்டு மாதமாய் உன் பிள்ளை தனியாகச் சாப்பிடுகிறாள். அது உன் வாட்ச்சில் தெரிந்ததா? பள்ளிக்கூடத்துக்குள்தான் இருக்கிறாள் என்று தெரிந்திருக்கும்.

அன்று சாயந்திரம் அவள் கையிலிருந்து வாட்ச்சை வாங்கி, பக்கத்தில் இருக்கிற பொத்தானை அது அணைகிற வரைக்கும் அழுத்திப் பிடித்தேன். "அப்பா திட்டுவாரு ஆயா" என்றாள். "அவன் உனக்குத்தாண்டி அப்பா. எனக்குப் புள்ள" என்றேன். பெரிய வீராப்பாய்ச் சொல்லிவிட்டேனே தவிர, எனக்கும் உன் கோபத்துக்குப் பயம்தான்.

மறுநாள் வியாழக்கிழமை அவளைச் சாமைக் கொல்லைக்குக் கூட்டிப் போனேன். அங்கே நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் உன்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முப்பது வருஷத்துக்கு மேலாய் உன்னிடம் சொல்லாமல் வைத்திருக்கிறேன்.

உனக்கு முந்திப் பிறந்த உன் அக்கா இரண்டு வயதில் தண்ணீர்க் குழியில் விழுந்து செத்துப்போனது உனக்குத் தெரியும். நம் ஊரில் நடக்கப் பழகிய பிள்ளைக்கு அரைஞாண் கயிற்றில் சின்ன வெண்கல மணி கோத்துவிடுவது உண்டல்லவா? தாய் குனிந்து களை எடுத்துக்கொண்டிருப்பாள், மணிச் சத்தம் கேட்கிறவரை பிள்ளை பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். உன் அக்கா விழுந்த அன்று அவள் கயிறு அறுந்துபோயிருந்தது. சாயந்திரம் கோத்துக்கொள்ளலாம் என்று மணியை என் முந்தானையில் முடிந்து வைத்திருந்தேன். நீ பிறந்ததும் இரட்டைக் கயிறு போட்டுக் கோத்தேன். மூன்று வயதானால் மணியை அவிழ்த்துவிடுவது வழக்கம். நான் அவிழ்க்கவில்லை. ஐந்து வயதில் உங்கப்பா சொன்னார், கேட்கவில்லை. நீ மூன்றாவது படிக்கும்போதும் மணியோடுதான் பள்ளிக்கூடம் போனாய். "ஆடு வருது, ஆடு வருது" என்று பிள்ளைகள் கத்துகிறார்கள் என்று அழுதுகொண்டு வந்தாய். "கத்துனா கத்தட்டும், உன்னை மாதிரி புள்ளை அவங்க வூட்ல இருக்குதா?" என்று சொல்லி உன் கண்ணைத் துடைத்துவிட்டேன். மணியைத் தொடவில்லை.

அந்த வருஷம் சாமை கதிர் வாங்கி நின்றது. நான் பரண்மேல் ஏறிக் குருவி ஓட்டிக்கொண்டிருந்தேன். நாலு பக்கத்துக் கொல்லையிலும் பரண்மேல் ஆட்கள், ஒருத்தர் "ஓஓய்" என்று கத்தினால் அடுத்தவர் கத்துவார். மத்தியானம் முழுக்க உன் மணிச் சத்தம் பலாமரத்தடியிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்கு நிம்மதி. பொழுது சாய்கிற நேரம் இறங்கிப் போய்ப் பார்த்தால், பலாமரத்தடியில் ஆட்டுக்குட்டி ஒன்று கட்டிக் கிடக்கிறது. அதன் கழுத்தில் உன் மணி. நீ இரட்டைக் கயிற்றையும் கல்லால் தேய்த்து அறுத்திருந்தாய். ஓடைப் பாறை இடுக்கில் கால் ஒடிந்து கிடந்த உன்னை உங்கப்பாதான் கண்டுபிடித்தார். வேட்டியில் தொட்டில் கட்டி உன்னைத் தூக்கிக்கொண்டு விடிய விடிய நடந்து மலை இறங்கினோம். இப்போதும் படி ஏறும்போது உன் இடது கால் கொஞ்சம் யோசித்துத்தான் ஏறுகிறது.

இதுவரைக்கும் உனக்குத் தெரிந்த கதை. தெரியாதது இதுதான். நீ பாறை இடுக்கிலிருந்து கத்தினாய். நான் அதைக் கேட்டேன் வேலு. கேட்கவில்லை என்று உங்கப்பாவிடம் சாமி மேல் சத்தியம் பண்ணினேன், பொய். ஓடைப் பக்கமிருந்து "ஓஓய்" என்று ஒரு குரல் வந்தது. யாரோ குருவி ஓட்டுகிறார்கள் என்று நினைத்து, நானும் பதிலுக்கு "ஓஓய்" என்று கத்தினேன். திரும்பவும் அந்தக் குரல் வந்தது. திரும்பவும் நான் கத்தினேன். நாலு தடவையோ ஐந்து தடவையோ. நீ என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாய், நான் உன்னைக் குருவி விரட்டுகிற மாதிரி விரட்டிக்கொண்டே இருந்தேன். என் பிள்ளையின் குரல் எனக்கு ஏன் தெரியவில்லை என்று எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். மணிதான் பலாமரத்தடியில் கேட்கிறதே, அப்புறம் குரலை எதற்குக் கவனிக்க வேண்டும்? அவ்வளவுதான் காரணம். நான் உன்னைக் கேட்பதை விட்டு ரொம்ப நாள் ஆகியிருந்தது. மணியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இதை இத்தனை வருஷம் கழித்து இப்போது சொல்வது, நீ என்னை மன்னிப்பதற்காக இல்லை. உன் மகள் செய்திருப்பதை நீ புரிந்துகொள்வதற்காக.

நேற்று பரண்மேல் ஏறினதும் அவள் என்ன கேட்டாள் தெரியுமா? "ஆயா, இங்க கத்துனா யாரும் இன்னான்னு கேக்க மாட்டாங்களா?" என்றாள். நாலைந்து நாளில் நம் ஊர்ப் பேச்சு ஒட்டிக்கொண்டுவிட்டது.

"கத்தலன்னாதாண்டி கேப்பாங்க. குருவி எல்லாத்தையும் தின்னுட்டுப் போவும். கத்து."

முதலில் பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். அடுத்த பரணிலிருந்து குப்பம்மா, "யார்ராது, கொசுவ ஓட்றது?" என்று கேட்டாள். ஹரிணிக்கு ரோஷம் வந்துவிட்டது. இழுத்துப் பிடித்து ஒரு "ஓஓய்" போட்டாள் பார், கிளிக் கூட்டம் மொத்தமும் எழும்பிப் போனது. குப்பம்மா, "அடி ஆத்தா, தொண்டையா அது, ஊதற தாரையா?" என்றாள். பிள்ளை சிரித்தது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது, என் பேத்தியாச்சே. பத்துத் தடவை, பதினைந்து தடவை கத்தியிருப்பாள். அப்புறம் குருவி இல்லாதபோதும் கத்தினாள். அந்தச் சத்தம் எங்கேயோ ஓரிடத்தில் மாறியது. குப்பம்மா எப்போதும்போல் பதிலுக்குக் கத்தினாள். அவளுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. ஒரு தடவை ஏமாந்த காது இது. நான் கவணைக் கீழே போட்டுவிட்டு அவளைப் பிடித்துக்கொண்டேன். என் மடியில் முகத்தை வைத்து அழுத அழுகையில் பரணே ஆடியது.

என்ன என்று நான் கேட்கவில்லை. முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். அவளாகச் சொன்னாள்.

டியூஷன் ஆறு மணிக்கே முடிந்துவிடுகிறது வேலு. ஏழு மணி வரைக்கும் ஸ்பெஷல் கிளாஸ் என்று அவள் உங்களிடம் சொன்னது பொய். ஆறு மணிக்கு வாட்ச்சைக் கழற்றி அந்த வீட்டு மாடிப்படிக்கு அடியில் செருப்பு வைக்கிற தட்டில் மறைத்து வைத்துவிடுவாள். நீ வேலையிடத்தில் உட்கார்ந்து பார்க்கும்போது புள்ளி டியூஷனில் நிற்கும். அவள் இரண்டு தெரு தள்ளிப் பாதியில் நின்றுபோன ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் உட்கார்ந்திருப்பாள். கைப்பிடிச் சுவர் கட்டாத மாடி. இரண்டு மாதமாய், வாரத்தில் மூன்று நாளோ நாலு நாளோ. உனக்குத் தெரியாது, சங்கீதாவுக்குத் தெரியாது, வாட்ச்சுக்குத் தெரியாது.

"அங்க இன்னாடி பண்ணுவ?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன் ஆயா. சும்மா உக்காந்திருப்பேன். அங்க யாரும் கேக்க மாட்டாங்க."

"ஓரத்துல உக்காருவியா?"

"ம்."

"கீழ பாப்பியா?"

மடியிலிருந்து முகத்தை எடுக்காமலேயே, "பாப்பேன்" என்றாள்.

அன்று சாயந்திரமே நர்சம்மாவிடம் ஓடினேன். உன் மகள் பேரைச் சொல்லாமல் கேட்கலாம் என்று போனேன், அந்தம்மா முகத்தைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டாள். "பெரியம்மா, சுத்தி வளைக்காதீங்க. செத்துப்போலாம்னு தோணுதான்னு நேராவே கேளுங்க. கேக்கறதால புள்ளைங்களுக்கு அந்த நெனப்பு வந்துடாது. கேக்காம வுட்றதுதான் ஆபத்து" என்றாள். வீட்டுக்கு வந்து, அடுப்பு மூட்டாமல், அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து அந்த வார்த்தையை வாய்விட்டுக் கேட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கனமான வார்த்தையை நான் தூக்கினதில்லை.

"தெரியல ஆயா. நான் இல்லாம இருந்தா நல்லா இருக்கும்னு தோணும். அப்புறம் அம்மா வர்றதுக்குள்ள சப்பாத்தி மாவு பிசையணும்னு நெனப்பு வரும். எந்திரிச்சு வந்துடுவேன்."

இதை நீ இரண்டு தடவை படி. உன் பிள்ளையை அந்த மாடியிலிருந்து ஒவ்வொரு தடவையும் இறக்கிக் கொண்டுவந்தது ஒரு கிண்ணம் மாவு. நீ ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய வாட்ச் அப்போது செருப்போடு செருப்பாய்க் கிடந்தது.

[இங்கே இரண்டு வரி மையால் அடித்திருக்கிறது. அடித்தது ஹரிணி. அதில் என்ன எழுதியிருந்தேன் என்று நீயும் கேட்காதே, நானும் சொல்ல மாட்டேன்.]

ஆமாம், அவள் இதைப் படித்துவிட்டாள். அவளைக் கேட்காமல் நான் உனக்கு எழுதினால் நானும் ஒரு வாட்ச்தானே? நேற்றே சொல்லிவிட்டேன், "இத உங்கப்பா அம்மாகிட்ட மறைக்க என்னால ஆவாது. உயிர் சமாச்சாரம். ஆனா உனக்குத் தெரியாம சொல்ல மாட்டேன். நான் எழுதறேன், நீ படி, வேணாங்கறத அடி" என்று. முதலில் முடியாது என்று எழுந்து போனாள். சாப்பிடவில்லை. விடியற்காலையில் என் போர்வைக்குள் வந்து படுத்துக்கொண்டு, "அம்மாவும் படிப்பாங்களா?" என்று கேட்டாள். படிக்கச் சொல்வேன் என்றேன். "சரி, எழுது" என்றாள். இதுவரைக்கும் எழுதின நாலு பக்கத்தில் இரண்டே வரிதான் அடித்திருக்கிறாள். அவள் எவ்வளவு தைரியசாலி என்று பார்த்துக்கொள். நம் வம்சத்தில் யாரும் தங்கள் கஷ்டத்தை இவ்வளவு நேராக எழுத விட்டதில்லை. நான் முப்பது வருஷம் மறைத்தேன், இந்தப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒரே ராத்திரியில் முடிவெடுத்துவிட்டது.

உன் பயம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. உங்கள் தெருவில் ஒரு பெண் குழந்தை அரை நாள் காணாமல் போனபோது ஊரே தேடியது, நீயும் ஓடினாய். நீங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீடு, பிள்ளை நாலரை மணிக்கு வந்து தானே கதவைத் திறந்துகொள்கிற வீடு. எங்கே இருக்கிறாள் என்று தெரிந்துகொள்ள நீ ஆசைப்படுவதில் என்ன தப்பு? அந்தப் பயமும் நான் உனக்குக் கொடுத்ததுதான். செத்துப்போன உன் அக்காவைச் சொல்லிச் சொல்லித்தானே உன்னை வளர்த்தேன். ஆனால் பிள்ளை எங்கே இருக்கிறது என்று தெரிவது வேறு, எப்படி இருக்கிறது என்று தெரிவது வேறு. முதலாவதை வாட்ச் சொல்லும், அதுவும் பிள்ளைக்கு மனசிருந்தால். இரண்டாவதை அவள் வாயால்தான் சொல்ல வேண்டும். அவள் தோழியிடம் பேசியதை நீ எடுத்து அவள் தட்டில் போட்ட அன்றே அந்த வாயை நீ அடைத்துவிட்டாய்.

அவளை நானே வைத்துக்கொள்கிறேன் என்று கேட்கப்போவதில்லை. மலையில் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்கிறவர்கள் மலையில் இருந்து பார்த்தவர்கள் இல்லை. அவளுக்கு இங்கே பொழுது போகவில்லை, பூரான் கண்டால் அலறுகிறாள், படிப்பும் கெடும். அவள் வீடு அதுதான். அங்கேதான் சரியாக வேண்டும். நர்சம்மா சொல்கிறாள், பெரிய ஆஸ்பத்திரியில் இதற்கென்றே மனசு பார்க்கிற டாக்டர் இருக்கிறார், திங்கட்கிழமையே கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள், பள்ளிக்கூடம் ஒரு நாள் போனால் ஒன்றும் ஆகாது, அதுவரைக்கும் பிள்ளையைத் தனியாய் விடவேண்டாம் என்று. அதைச் செய். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று பார்க்காதே. உன் கால் ஒடிந்தபோது மந்திரிக்கலாம் என்று ஊரே சொன்னது, உங்கப்பா கேட்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கினதால்தான் நீ நடக்கிறாய். சங்கீதாவிடம் சொல், இரண்டு வாரமாவது ஆறு மணிக்கு யாராவது அந்த டியூஷன் வாசலில் நிற்க வேண்டும். அந்த டியூஷனே வேண்டுமா என்று ஹரிணியையே கேளுங்கள்.

வாட்ச்சை என்ன செய்வது என்று நீங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள். தேவையானால் போன் மட்டும் பேசுகிறதாய் ஒன்று வாங்கிக் கொடு. ஆனால் ஒன்று மட்டும் நீ செய்தே ஆக வேண்டும். திருட்டுத்தனமாய்க் கேட்டேன், தப்புதான் என்று உன் வாயால் அவளிடம் சொல்ல வேண்டும். நீ பிள்ளையிடம் தப்பென்று ஒத்துக்கொண்டால் உன் மரியாதை போய்விடும் என்று நினைப்பாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். இப்போது மேலே எழுதியிருக்கிறேனே, என் மேல் உனக்கு மரியாதை குறைந்ததா, நெஞ்சைத் தொட்டுச் சொல்.

நாளைக்கு நீ வந்து இறங்கும்போது கார் கதவை அறையாதே. "ஏன் இப்படிப் பண்ண?" என்று ஆரம்பிக்காதே. கட்டிப்பிடித்து அழவும் வேண்டாம், அவள் உன்னைத் தேற்ற ஆரம்பித்துவிடுவாள், அந்த வேலையும் அவள் தலையில் விழும். பேசாமல் பக்கத்தில் உட்கார். அவள் ஒரு மணி நேரம் வாயைத் திறக்காவிட்டால் ஒரு மணி நேரம் உட்கார். நைட் ஷிப்ட் பார்க்கிறவன்தானே நீ, உட்காரத் தெரியாதா?

நர்சம்மா வந்துவிட்டாள், பாறைக்குப் போக வேண்டும் என்கிறாள். வேர்க்கடலைத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் ஹரிணி இப்போது என்னிடம் ஒன்று கேட்டாள்.

"அப்பா கோவமா வருவாரா ஆயா?"

வர மாட்டார் என்று சொல்ல வாயெடுத்தேன். இந்த ஒரு வாரத்தில் அவளிடம் நான் இதுவரைக்கும் பொய் சொன்னதில்லை. அதனால், "எனக்குத் தெரியலடி. அவன் வந்து எறங்கும்போது நாம ரெண்டு பேரும் சேந்து பாப்பம்" என்றேன்.

வாசலில் நின்றுகொண்டிருப்போம்.